காவலர் வீரவணக்க நாளின் தோற்றம்

பணியின்போது உயிர்நீத்த காவலர்களுக்கு ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்தப்படும் காவலர் வீரவணக்க நாள், 1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில், திரும்பி வராத ரோந்துக் குழுவினரைத் தேடிச் சென்ற இந்தியக் காவலர்கள்மீது சீனப் படையினர் சுட்டதில் 10 பேர் மாண்ட நிகழ்விலிருந்து பிறந்ததாகும். அவர்களின் உடல்கள் நவம்பர் 13 அன்றே ஒப்படைக்கப்பட்டு, அங்கேயே முழு மரியாதையுடன் எரியூட்டப்பட்டன. 1960 ஜனவரியில் கூடிய காவல்துறைத் தலைவர்களின் மாநாடு இந்நாளை நாடெங்கும் கடைப்பிடிக்க முடிவு செய்தது. ஆண்டுதோறும் இந்நாளில் நடைபெறும் அணிவகுப்பில், முந்தைய ஓராண்டில் மாண்டவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுகின்றன. 2018இல் டெல்லி சாணக்கியபுரியில் தேசியக் காவலர் நினைவகமும் திறக்கப்பட்டது. உயிர்நீத்த காவலர்களின் குடும்பத்தாருக்குக் கருணைத்தொகையும், வாரிசு ஒருவருக்கு அரசுப்பணி அளிக்கும் கருணை அடிப்படை நியமனமும் உண்டெனினும், அவை காலத்தே கிடைத்தால்தான் அஞ்சலி முழுமை பெறும்.