எலித்தோலும் வரலாற்று மூலமே: கிறிஸ்மஸ் தீவின் அழிந்த முலையூட்டிகள் பற்றிய ஒரு நோக்கு

கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏட்டுச்சுவடி ஆகியவற்றையே வரலாற்றின் மூலங்களாகக் கொண்டு பயின்று வந்த நமக்கு, நூதனசாலை இழுப்பறை ஒன்றில் கிடக்கும் எலித்தோலையும் அவ்வரிசையிற் சேர்க்கலாம் என்பது முதலில் வியப்பையே தரும். ஆயினும், எங்கே, எப்போது பிடிக்கப்பட்டது என்னும் குறிப்புச்சீட்டுடன் கூடிய தோல் ஒன்று, ஆண்டு பொறித்த சாசனத்துக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. 1883ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் விலங்குக்காட்சிச்சாலையில் இறந்த பெண் விலங்குடன் முற்றாக அழிந்துபோன குவாக்கா என்னும் விலங்கின் பழந்தோலிலிருந்து, 1984இல் கலிபோர்ணியாவின் பேர்க்கிலி நகரத்து ஆய்வாளர் டி.என்.ஏ. துண்டுகளைப் பிரித்தெடுத்து, அது குதிரையிலும் வரிக்குதிரைக்கே நெருங்கிய உறவினது எனக் காட்டினர். முலையூட்டிகளின் கூர்ப்பை அறிய உதவிய இம்முறை, பின்னர் அவற்றின் உடலில் வாழ்ந்த நுண்ணங்கிகளைத் தேடவும் பயன்படலாயிற்று. அவ்வாறான தேடல்களுள் ஒன்றனையே நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

யாவாவுக்குத் தெற்கே, இந்து சமுத்திரத்தில், ஏறத்தாழ 135 சதுர கிலோமீற்றர் பரப்புடையது கிறிஸ்மஸ் தீவு. 1888இல் பிரித்தானியர் அதனைத் தமதாக்கும்வரை அங்கு நிலையான மனிதக் குடியிருப்பு இருக்கவில்லை. ஆக்கிரமிப்பின் நோக்கம் பொஸ்பேற்றுப் படிவுகளே. ஆழ்கடலாய்வில் புகழ்பெற்ற ஜோன் மரே அப்படிவுகளின் பெறுமதியை உணர்ந்து, அவற்றை அகழும் கம்பனியின் தோற்றத்துக்குக் காரணராயினார். அகழ்வு தொடங்கித் தீவின் இயல்பு மாறுமுன் அதன் உயிரினங்களைப் பதிவு செய்தல் வேண்டும் எனக் கருதி, பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த சார்ள்ஸ் வில்லியம் அன்ட்றூஸ் என்பாரை 1897இல் அங்கு அனுப்பச் செலவும் ஏற்றவர் அவரே. தீவை மாற்றப்போகின்றவரே அதன் பழைய நிலையைப் பதிவுசெய்யப் பொருளுதவியமை விந்தையானது. அவ்வுதவியின்றேல் நமக்கு இன்று ஒன்றுமே கிடைத்திராது என்பதும் உண்மை.

அன்ட்றூஸ் அங்கு ஏறக்குறைய பத்து மாதங்கள் தங்கினார். தீவுக்கே உரிய எலியினங்கள் இரண்டினை அவர் விவரிக்கின்றார். மக்லியர் எலி எனப்படுவது மிகப் பெருந்தொகையினது. இரவானதும் எத்திசையிலும் கூட்டமாகத் திரியும், கூடாரத்துள்ளும் புகும், ஒன்றோடொன்று சண்டையிட்டுக் கீச்சிடும். மற்றையது உயர்ந்த நிலப்பகுதிகளில் மரவேர்களின் கீழ் வளை தோண்டி வாழ்வது, மந்தமானது, முதுகின் தோலுக்கடியில் தடித்த கொழுப்புப் படையுடையது, பகலொளியில் திகைத்து நிற்பது. பெருந்தொகையாக வாழ்ந்த இவ்விலங்குகள் சில ஆண்டுகளில் மறைந்துவிடும் என அப்போது எவரும் எண்ணியிருக்கமாட்டார்.

1899இல் ‘ஹிந்துஸ்தான்’ என்னும் கப்பலில் வந்த வைக்கோலோடு கறுப்பெலிகள் தீவில் இறங்கின என்பது பதிவு. 1908இல் அன்ட்றூஸ் மீண்டும் சென்று தேடியபோது, உள்நாட்டு எலியினங்கள் இரண்டில் ஒன்றேனும் அவர் கண்ணிற் படவில்லை. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்னர், இரவில் மட்டுமே திரியும் அவ்வெலிகள் பட்டப்பகலில் பாதைகளில் ஊர்ந்து சாகும் நிலையிற் காணப்பட்டன என்று தீவின் மருத்துவர் அவருக்குக் கூறினார்.

இங்கு இன்னொரு சாட்சியும் குறுக்கிடுகின்றது. அகழ்வுக்கெனக் கொண்டுவரப்பட்ட கூலியாட்கள் பலர் அந்நாட்களில் பெரிபெரி நோயால் மாண்டுகொண்டிருந்தனர். அந்நோயை ஆராயச் சென்ற மருத்துவ அறிஞர் ஹேர்பேட் டறம், எலிகளின் இரத்தத்தில் திரிப்பனோசோமா என்னும் ஒட்டுண்ணியையும் கண்டு, எலிகளின் அழிவுக்கு அதுவே காரணமாகலாம் என 1908இல் எழுதினார். மனிதர் மடிந்த காரணத்தைத் தேடிய பயணத்தின் பக்கக் குறிப்பாகவே எலிகள் மடிந்த காரணம் பற்றிய முதற் கருத்து நமக்குக் கிடைத்துள்ளது.

அக்கருத்து ஒரு நூற்றாண்டுக் காலம் கருத்தாகவே கிடந்தது. கறுப்பெலியோடு கலந்து உள்நாட்டினம் கரைந்துபோயிற்று என வேறு சிலர் கூறினர். 2008இல் அலெக்ஸ் கிறீன்வூட், றொஸ் மக்ஃபீ முதலியோர் அடங்கிய குழுவினர், 1888க்கும் 1908க்கும் இடையே சேகரிக்கப்பட்டு நூதனசாலைகளிற் பேணப்பட்டிருந்த எலிகளின் சிறு மாதிரிகளை எடுத்து, அவற்றில் எலியினதும் ஒட்டுண்ணியினதும் டி.என்.ஏ.யை ஒருங்கே தேடினர். ஆராயப்பட்டவற்றில் கலப்பினம் எதுவும் காணப்படவில்லை. கறுப்பெலி வந்த பின் பிடிக்கப்பட்ட 18 மாதிரிகளில் 6இல் ஒட்டுண்ணியின் தடயம் கிடைத்தது. வருமுன் பிடிக்கப்பட்ட 3இல் ஒன்றிலும் கிடைக்கவில்லை. கறுப்பெலிகளுடன் வந்த தெள்ளுகளே இவ்வொட்டுண்ணியைப் பரப்பியிருக்கவேண்டும். பழகிய எலிக்கு இது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. முன்னறியாத இனத்துக்கு அது வேறாக இருந்திருக்கலாம்.

இம்முடிபை நாம் பெரிதும் மதிக்கின்றோம்; எனினும் அதன் பலத்தை அளந்தே ஏற்றல் வேண்டும். தொற்று வீதம் தொடக்கம் முதலே மூன்றிலொன்றாக இருந்ததெனக் கொண்டால், எழுமாற்றாக எடுத்த மூன்று எலிகளும் தொற்றற்றனவாக அமையும் நிகழ்தகவு 27இல் 8 ஆகும். அஃதாவது ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது. ஆகவே மூன்று தூய தோல்கள் தம்மளவில் எதனையும் நிறுவிவிடா. மருத்துவரின் கூற்றும், டறத்தின் நுணுக்குக்காட்டிக் குறிப்பும், கப்பல் வந்த ஆண்டும் அவற்றோடு சேரும்போதே வாதம் உறுதி பெறுகின்றது. அன்றியும், ஒட்டுண்ணி இருந்தது என்பது ஒன்று. அதுவே கொன்றது என்பது வேறொன்று. தேடிய நுண்ணங்கியையே இத்தகைய சோதனை காட்டும். கறுப்பெலியோடு வந்திருக்கக்கூடிய வேறெதனையும் பற்றி அது மௌனஞ் சாதிக்கும். ஆய்வாளரும் நோய்க்கும் அழிவுக்குமிடையே காலத் தொடர்பையே வற்புறுத்தினர் என்பதை, இதனை மேற்கோள் காட்டுவோர் சிலர் மறந்துவிடுகின்றனர்.

‘காணப்படவில்லை’ என்பதையும் ‘இல்லை’ என்பதையும் ஒன்றாக்கும் ஆபத்துக்கு அத்தீவிலேயே உதாரணமுண்டு. 1908இல் மறைந்துவிட்டதெனக் கருதப்பட்ட அங்குள்ள மூஞ்சூறு, 1958இலும் 1985இலும் மீண்டும் அகப்பட்டது. பின்னர் எவரும் காணாமையால் 2025இலேயே அது அழிந்ததென அறிவிக்கப்பட்டது. எலிகளைப் பொறுத்தமட்டில் அவ்வாறான மறுவரவு நிகழவில்லை.

2022இல் மக்லியர் எலியின் பரம்பரையலகுத் தொகுதி முழுவதையும் அதன் தோலிலிருந்து மீட்கும் முயற்சி நடந்தது. பழைய டி.என்.ஏ. சிறு சிறு துண்டுகளாகவே கிடைப்பதால், உறவினமான பழுப்பெலியின் தொகுதியை முன்மாதிரியாக வைத்தே துண்டுகளை அடுக்கவேண்டியிருந்தது. இவ்விரு இனங்களும் பிரிந்து ஏறத்தாழ 26 இலட்சம் ஆண்டுகளாகின்றன. அக்காலத்தில் மிக மாறிவிட்ட பகுதிகளுக்கு முன்மாதிரியில் இடங்காண இயலாது. இவ்வாறு நூற்றுக்கு ஐந்தளவு பகுதி மீட்கப்படாது போயிற்று. மணம் நுகர்தல், நோயெதிர்ப்பு ஆகியவற்றுக்குரிய பரம்பரையலகுகள் பல அப்பகுதியினுள் அடங்கியுள்ளன. ஓர் ஒட்டுண்ணியின் முன் அவ்வெலி ஏன் தளர்ந்தது என்பதற்கான விடை இருக்குமாயின், அவ்விடத்திலேயே இருந்திருக்கவேண்டும்.