திங்களும் கிழமையும் நாழிகையும்

'திங்கள்' என்னும் ஒரே சொல் தமிழில் நிலவையும், மாதத்தையும், வாரத்தின் ஒரு நாளையும் குறிக்கின்றது. சொல் ஒன்றாயினும் கணக்கு ஒன்றன்று. மாதத்திற்கு நான்கு வாரம் என்பது பேச்சு வழக்கு. நான்கு வாரத்திற்கு 28 நாள்களே. தமிழ் மாதம் எதுவும் 28 நாளில் முடிவதில்லை. கதிரவன் ஓர் இராசியில் தங்கும் காலமே தமிழ் மாதமாகும். பூமி கதிரவனுக்குச் சேய்மையில் மெல்லச் செல்லும் ஆனிக்கு 31 அல்லது 32 நாள். அண்மையில் விரைந்து செல்லும் மார்கழிக்கு 29 அல்லது 30 நாள்.

இவ்வேறுபாடு விரதத்தைத் தொடுவதாகும். ஒரு மண்டலம் 48 நாள். அதனை 'ஏழு வாரம்' என்று கொண்டால் ஒரு நாள் மிகும். 'ஒன்றரை மாதம்' என்று கொண்டாலோ, மார்கழியும் பாதித் தையும் சேர்ந்து 44 அல்லது 45 நாளே தேறும். தைப்பூசத்திற்கு மண்டல விரதம் ஏற்போர் நாள்காட்டியில் நாளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எண்ணுவதே பிழையற்ற வழி.

நாளுக்குள்ளும் கணக்கு உண்டு. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். நாழிகையை அறுபதாகப் பகுத்தது விநாடி. ஆகவே முன்னோர் கூறிய ஒரு விநாடி, இன்றைய கடிகாரத்தின் 24 விநாடிக்குச் சமம். பெயர் ஒன்றாக இருப்பதால் மயங்குவோர் பலர்!

பழைய பஞ்சாங்கங்கள் திதியும் நட்சத்திரமும் முடியும் வேளையைச் சூரிய உதயத்திலிருந்து நாழிகையாகக் குறிப்பன. அவ்வுதயம் தமிழகத்தின் உதயம் என்பதை மறத்தலாகாது. தை மாதத்தில் ஒரு திதி 25 நாழிகை என்றும், தமிழகத்தில் உதயம் காலை 6.30 என்றும் கொள்வோம். 25 நாழிகைக்குப் பத்து மணி நேரம்; திதி அங்கு மாலை 4.30-க்கு முடியும். மலேசியாவில் அப்போது இரவு 7.00 மணி. அந்தப் பத்து மணியைக் கோலாலம்பூரின் உதயத்தோடு கூட்டினால் மாலை ஐந்தரை மணி அளவிலேயே திதி முடிந்ததாகக் காட்டும். ஒன்றரை மணி நேரம் பிழையாகும்.

இந்தியாவுக்கும் இந்நாட்டுக்கும் உள்ள இரண்டரை மணி வேறுபாடும் என்றும் இருந்ததன்று. ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவின் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்தைக் காட்டின. போருக்குப் பின், 1946 முதல் 1981 முடிய, தீபகற்பமும் சிங்கப்பூரும் இந்தியாவை விட இரண்டு மணி நேரமே முன்னின்றன. சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றுபடவே 1982 சனவரி 1-இல் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி முன்னே நகர்ந்தது. சிங்கப்பூரும் உடன் நகர்ந்தது.

அந்த அரை மணி இன்றும் சாதகக் கட்டங்களில் இடர் விளைக்கின்றது. 1975-இல் கோலாலம்பூரில் இரவு 11.00 மணிக்குப் பிறந்தவருக்கு இந்திய நேரம் இரவு 9.00. இக்கால வழக்கப்படி இரண்டரை மணியைக் கழித்தால் 8.30 என்றாகிவிடும். நட்சத்திரம் மாறும் வேளையை ஒட்டிப் பிறந்தவராயின், அவர் இத்தனை ஆண்டும் அர்ச்சனைச் சீட்டில் எழுதி வந்தது வேறொருவரின் நட்சத்திரமாக இருக்கக்கூடும்.