சப்ஸ் புர்ஜின் நீல ஓடு

லோதி ரோடு மேற்கே சஃப்தர்ஜங் சமாதிக்கு எதிரில் தொடங்கிக் கிழக்கே மதுரா ரோட்டில் முடிகிறது. இந்த ரோட்டைத் தில்லித் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. லோதி காலனியின் அரசுக் குடியிருப்புகளில் இருந்தவர்களும், லோதி எஸ்டேட்டின் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்களும் நம்மில் ஏராளம். கிழக்கு முனை ரவுண்டானாவின் நடுவே எண்கோணமாய் ஒரு சமாதி நிற்கிறது. உயரமான கழுத்து, அதன்மேல் நீலக் குவிமாடம். பெயர் சப்ஸ் புர்ஜ். 1530களில் அல்லது 40களில் கட்டப்பட்டிருக்கலாம் என்பது அறிஞர்களின் கணிப்பு. உள்ளே அடக்கமாகியிருப்பவர் யார் என்பது யாருக்கும் தெரியாது.

அந்தக் கழுத்தில் பதிந்திருக்கும் ஓடுகளின் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். வெளிர்நீலம், கருநீலம், மஞ்சள், பச்சை என்று தனித்தனியாகச் சுட்டு, வடிவத்துக்கு ஏற்ப வெட்டி, ஒன்றோடொன்று இழைத்துப் பதித்த ஓடுகள் அவை. ஐந்நூறு ஆண்டுகளாக வெயிலும் பனியும் தின்றது போக மிச்சம் இருப்பவை.

இந்த நீலம் தில்லியில் பிறந்ததன்று. பாரசீகத்திலும் நடு ஆசியாவிலும் கட்டடங்களை ஓட்டால் போர்த்தும் கலை வளர்ந்தது. அது கிழக்கே நகர்ந்து முல்தானை அடைந்தது. அங்கே 14ஆம் நூற்றாண்டில் எழுந்த ருக்ன்-இ-ஆலம் சமாதியின் செங்கற்களுக்கு இடையே நீல ஓடுகள் வரிவரியாக ஓடுகின்றன. தில்லிக்கு அது வந்து சேர்ந்ததை லோதி ரோட்டிலேயே பார்க்கலாம். லோதி தோட்டத்துக்குள் ஷீஷ் கும்பத் என்ற 15ஆம் நூற்றாண்டுச் சமாதியின் நெற்றியில் நீல ஓட்டுப் பட்டைகள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காலையில் அதைச் சுற்றி நடைப்பயிற்சி செய்கிறவர்களில் நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு.

இந்தப் பயணம் ஒருவழிப் பயணமும் அன்று. 1398இல் தைமூர் தில்லியைச் சூறையாடியபோது, பொன்னோடும் யானைகளோடும் நம் கல்தச்சர்களையும் சமர்கந்துக்குக் கொண்டுபோனான். அங்கே அவன் எழுப்பிய பெரிய மசூதியில் இந்துஸ்தானத்துக் கல்தச்சர்கள் வேலை செய்ததை அவன் வழிவந்த பாபரே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். அந்த பாபர் 1526இல் தில்லியைப் பிடித்தார். சமர்கந்தில் தைமூரின் சமாதிக்கு இருக்கும் உயர்ந்த கழுத்தும் இரட்டைக் குவிமாடமும் அதன்பிறகு லோதி ரோட்டு முனையில் எழுந்தன. கைத்தொழில் எந்த வழியில் போயிற்றோ அதே வழியில் திரும்பி வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. போகும்போது அடிமையாகப் போனது, வரும்போது அரசனோடு வந்தது.

ஓடு எப்படி நீலமாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதைக் காப்பாற்றுவது ஏன் இவ்வளவு கடினம் என்பது புரியும். செப்பு உப்பை ஈயம் கலந்த கண்ணாடிப் பூச்சில் சேர்த்தால் பச்சை வரும். அதே செம்பைச் சோடாச் சாம்பல் கலந்த பூச்சில் சேர்த்தால் மயில்கழுத்துக்குப் பக்கத்து நீலம் வரும். கருநீலத்துக்குக் கோபால்ட் வேண்டும். ஓட்டின் உடல் வெறும் களிமண்ணாக இருந்தால் இந்தப் பூச்சு அதில் நிற்காது. சுட்டு ஆறும்போது பூச்சு ஒரு அளவு சுருங்கும், களிமண் வேறொரு அளவு சுருங்கும். மெருகு வெடித்து உதிர்ந்துவிடும். அதனால்தான் பழைய கைவினைஞர்கள் வெள்ளைப் படிகக் கல்லை மாவாக இடித்து, அரைத்த கண்ணாடியையும் சிறிது களிமண்ணையும் சேர்த்துப் பிசைந்து ஓட்டின் உடலைச் செய்தார்கள். முதல் சூளையில் உடல் வேகும், இரண்டாவதில் மெருகு உருகிப் பிடிக்கும். கோடையில் 45 டிகிரியும் தை மாதத்தில் நடுக்கும் குளிரும் அடிக்கிற ஊரில் இத்தனை காலம் அது நின்றதற்கு அந்தக் கணக்குத்தான் காரணம்.

கணக்குத் தெரிந்த கைகள் மறைந்தன. முகலாயர் ஆட்சி தளர்ந்தபின் தில்லியில் இந்த ஓட்டுக்கு வேலை கொடுப்பவர் இல்லை. பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க அப்பனுக்குக் காரணமும் இல்லை. சமாதி மட்டும் நின்றது. பிரிட்டிஷார் காலத்தில் அதற்குள் போலீஸ் நிலையம் நடந்தது. இதைச் சொல்லி வருந்துகிறவர்கள் உண்டு. நான் வருந்தவில்லை. யாருடையது என்றே தெரியாத எத்தனையோ சமாதிகள் புது தில்லி எழுந்த காலத்தில் செங்கல்லுக்காகவும் மனைக்காகவும் காணாமல் போயின. இது நின்றதற்கு, ஆள் புழங்கும் இடமாக இருந்ததும் ஒரு காரணமாகவே இருக்க வேண்டும்.

உண்மையான கேடு அதற்குப் பிறகு, பழுதுபார்த்தவர்களின் கையால் வந்தது. 20ஆம் நூற்றாண்டில் விரிசல்களைச் சிமெண்ட் கொண்டு அடைத்தார்கள், உட்கூரையில் பூச்சுமேல் பூச்சு ஏற்றினார்கள். பழைய கட்டடம் மூச்சுவிடுவது சுண்ணாம்பு வழியாக. உள்ளே இறங்கிய மழைநீர் சுண்ணாம்பு வழியே வெளியேறும். சிமெண்ட் அதை மறித்துவிடுகிறது. நீர் வேறு வழி தேடி ஓட்டின் முதுகுக்கு வருகிறது. அங்கே காயும்போது உப்புப் பொருமி மெருகைத் தள்ளி உதிர்க்கிறது. குவிமாடத்தின் பழைய ஓடுகள் பெரும்பாலும் போய்விட்டன. அங்கே பிற்காலத்து நீல டைல்ஸ் ஏறின. கழுத்தில் மட்டும் அசல் தங்கியது.

ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை இந்தியத் தொல்லியல் துறையோடு சேர்ந்து சப்ஸ் புர்ஜில் கைவைத்தது இந்த நிலையில்தான். ஆனால் ஓட்டின் மறுபிறப்பு அதற்கும் முன்பே, பக்கத்து வளாகத்தில் ஹுமாயூன் சமாதியில் நடந்துவிட்டது. அங்கே 2007இல் வேலை தொடங்கி 2013இல் முடிந்தது. மேல்தளத்து மண்டபங்களின் ஓடுகள் உதிர்ந்து போயிருந்தன. கடையில் வாங்கி ஒட்டலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை. பழைய ஓட்டின் துண்டை ஆய்வகத்தில் சோதித்து, உடலும் மெருகும் என்னென்ன என்று கண்டறிந்து, அதேபோல் செய்ய முயன்றார்கள். சுட்டது வெடித்தது, நிறம் தவறியது, மறுபடியும் சுட்டார்கள். சரியான ஓடு கைக்கு வர ஆண்டுக்கணக்காயிற்று. இன்றைக்கும் அந்தத் தொழில் உயிரோடிருக்கும் உஸ்பெகிஸ்தானிலிருந்து கைவினைஞர்கள் வந்து சொல்லிக்கொடுத்தார்கள். கற்றுக்கொண்டவர்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம், நிஜாமுதீன் பஸ்தியின் சந்துகளில் வளர்ந்த இளைஞர்கள். தைமூர் கொண்டுபோன கைத்தொழிலுக்குச் சமர்கந்து இருக்கும் அந்த நாடு அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு வட்டியோடு கடன் தீர்த்திருக்கிறது.

சப்ஸ் புர்ஜில் வேலை சுமார் நான்கு ஆண்டுகள் நடந்து 2021இல் முடிந்தது. இந்தியத் தனியார் நிறுவனம் ஒன்று பணம் கொடுத்தது. அதில் கடைப்பிடித்த ஒரு விதியை நான் மிகவும் மதிக்கிறேன்: அசல் ஓட்டில் மெருகு போயிருந்தாலும் சரி, அதைப் பெயர்க்கக் கூடாது. ஓடே இல்லாத இடத்தில் மட்டும் புதியது. சிமெண்டைச் செதுக்கி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசினார்கள். செங்கல் தூள், வெல்லம், வில்வப்பழக் கூழ், உளுந்து என்று அதில் சேர்வதைக் கேட்டால் செட்டிநாட்டுக்காரர்களுக்குக் கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு ஊறவைத்த தங்கள் வீட்டுச் சுவர் நினைவுக்கு வரும். ஊருக்கு ஊர் சரக்கு மாறும், அறிவு ஒன்றுதான்.

அந்த வேலையில்தான் யாரும் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. உட்கூரையில் படிந்திருந்த பூச்சுகளைப் பொறுமையாக நீக்க நீக்க, அடியிலிருந்து பூவேலை ஓவியம் எழுந்து வந்தது. பொன்னும், நீலத்துக்கு லாபிஸ் என்னும் நீலக்கல்லும். பொன் அசல் பொன். நீலக்கல், ஆப்கானிஸ்தானத்தின் பதக்ஷான் மலைச் சுரங்கங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த பொருள். முகலாயர் காலக் கட்டடங்களில் எஞ்சியிருக்கும் கூரையோவியங்களில் இதுவே மிகப் பழையதாக இருக்கலாம் என்கிறார்கள். பஸ்ஸும் ஆட்டோவும் சுற்றிச் சுற்றிப் போன ரவுண்டானாவில், நம் தலைக்குமேல் இது மூடிக்கிடந்திருக்கிறது.

இதையெல்லாம் படிக்கும்போது என் மனம் நம் ஊர்ச் சினிமா தியேட்டர்களிடம் போகிறது. பேரரசர் கட்டாததை, பெயர் தெரியாதவரின் சமாதியை, இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்ற முடியுமானால், கட்டியவர் பெயரும் ஆண்டும் தெரிந்த தியேட்டர்களை நாம் ஏன் இழந்தோம்? திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டி, 1914இல் கோயம்புத்தூரில் நிலையான தியேட்டராக வெரைட்டி ஹாலைக் கட்டினார். தென்னிந்தியத் திரையரங்குகளின் முதல் வரிசையில் வைக்க வேண்டிய இடம். பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறி ஓடிய அந்தக் கட்டடமும் இடிபட்டுவிட்டது. வெரைட்டி ஹால் ரோடு மட்டும் இருக்கிறது. மதுரை தங்கம் தியேட்டர் 1952இல் திறந்தபோது ஆசியாவிலேயே பெரியது என்று ஊர் பெருமைப்பட்டது. அதுவும் இல்லை.

காப்பாற்றிய உதாரணம் இல்லாமலும் இல்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் 1913இல் எலெக்ட்ரிக் தியேட்டரைத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே அந்த இடத்தை அஞ்சல் துறை வாங்கிக்கொண்டது. இன்று அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில் தபால்தலை சேகரிப்போருக்கான நிலையமாக அந்தக் கட்டடம் நிற்கிறது. போலீஸ் நிலையம் சப்ஸ் புர்ஜுக்குச் செய்த அதே உதவி. சிம்லாவில் 1887இல் திறந்த கெய்ட்டி நாடக அரங்கம் பாழாகிக் கிடந்து, முறையாகப் புதுப்பிக்கப்பட்டு 2009இல் மறுபடி திறந்தது. அதை வடிவமைத்த ஹென்றி இர்வின்தான் சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்திலும் பங்குகொண்டவர். மலையூர் ஒன்றால் முடிந்தது கோவைக்கும் மதுரைக்கும் முடியாததன்று.

சட்டம் துணைக்கு வராது என்பதும் உண்மை. தேசியச் சின்னமாக அறிவிக்க 1958ஆம் ஆண்டுச் சட்டம் நூறு வயது கேட்கிறது. நம் தியேட்டர்களில் பெரும்பாலானவை அந்த வயதை எட்டும் முன்பே மனை விலை அவற்றைத் தின்றுவிடும். தமிழக அரசு 2012இல் மரபுச் சின்ன ஆணையத்துக்கு ஒரு சட்டம் இயற்றியது. அதில் தியேட்டர்களுக்கு இடம் கேட்க வேண்டியவர்கள் நாம். அதைவிட முதன்மையானது கை. தியேட்டரின் மொசைக் தரையைத் தேய்த்து மெருகேற்றவும், நெற்றிச் சுவரின் சுதை வேலையைப் பழுதுபார்க்கவும் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் வார்த்துக் கல் போடுகிறவர்களுக்கு வேலை இருப்பதால் அந்தத் தொழில் பிழைத்திருக்கிறது. மற்றவர்களுக்கும் அப்படி வேலை வேண்டும். கை போய்விட்டால் சமர்கந்திலிருந்து ஆள் வரவழைக்க நமக்கு வழியில்லை.

லோதி ரோட்டை ஒட்டிய 71, லோதி எஸ்டேட்டில் இன்டாக் என்ற அமைப்பின் தலைமையகம் இருக்கிறது. 1984இல் தொடங்கியது. யாரும் பாதுகாக்காத கட்டடங்களைப் பட்டியலிடுவது அதன் வேலைகளில் ஒன்று. தமிழ்நாட்டு ஊர்களிலும் அதற்குக் கிளைகள் உண்டு. உங்கள் ஊரில் பழைய தியேட்டர் நிற்கிறதா? படம் எடுங்கள். கட்டியவர் யார், எந்த ஆண்டு, முதல் படம் எது என்று அங்கே டிக்கெட் கிழித்தவரிடமும் படம் ஓட்டியவரிடமும் கேட்டு எழுதுங்கள். தரை, தூண், முகப்பு எதனால் ஆனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதை அந்தக் கிளைக்கும் உங்கள் நகராட்சிக்கும் அனுப்பிவையுங்கள். இடிக்க நாள் குறிப்பதற்கு முன்பாகச் செய்யுங்கள்.