நூறு வினாக்களின் இளவரசி

பினாங்கின் சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் முனையில் நிற்கும் நாகூர் தர்காவையொட்டி நடக்கும்போதெல்லாம், இத்தெரு உண்டான காலத்தில் இங்கே தமிழ் பேசிய ஒரு ஸ்திரீயின் குரல் கேட்டிருக்குமா என்ற எண்ணம் என்னைத் தொடர்ந்து வருவதுண்டு. 1786இல் இத்தீவில் குடியேற்றம் நிறுவிய பிரான்சிஸ் லைட், தமிழகக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 ஆடவர் வரை கப்பலேறி வருவதையும், வியாபாரத்தாலும் கூலியாலும் சிறிது பொருள் ஈட்டிக்கொண்டு அவர்கள் ஊர் திரும்ப, வேறு ஆடவர் அவ்விடத்தை நிரப்புவதையும் 1794இல் எழுதி வைத்தார். சபராளிகளின், அதாவது பிழைப்புத் தேடிக் கடல்கடந்து வந்தோரின், தெரு இது. மனைவியரும் தாய்மாரும் அக்கரையிலேயே கடலை நோக்கிக் காத்திருந்தனர்.

ஆயினும் அந்தத் தமிழ் முஸ்லிம் சமூகத்தின் இலக்கியத்தில் பெண் மௌனியாக இருந்தாளல்லள். அவ்விலக்கியத்தில் மசலா என்றொரு நூல்வகை உண்டு; மசலா என்றால் வினா. 1572ஐச் சேர்ந்த ஆயிரம் மசலாவில் வினவுபவர் அப்துல்லா இப்னு சலாம் என்னும் ஆடவர். நூறு மசலாவிலோ, தன் வினாக்களுக்கெல்லாம் விடை சொல்பவனையே விவாகம் செய்துகொள்வதென்று விரதம் பூண்ட சீன தேசத்து இளவரசி மெகர்பானுவே வினவுகிறாள். அப்பாஸ் என்னும் அரசகுமாரன் அவள் முன்னே வந்து நிற்கிறான்.

இதற்கு உறவான கதைகள் பல தேசங்களில் உண்டு. அயர்லாந்தின் இடைக்காலக் கதையொன்றில் எமெர் என்னும் கன்னி, உடனிருக்கும் தோழியர்க்கும் விளங்காத மறைமொழியில், தன்னை வேட்டு வந்த குகுலின் என்னும் வீரனோடு சம்பாஷிக்கிறாள். பாரசீக மகாகவி நிஜாமி 1197இல் முடித்த ஹஃப்த் பைக்கரில் வரும் இளவரசியோ பேசுவதே இல்லை: தன் காதிலிருந்து இரண்டு முத்துக்களைக் கழற்றி அனுப்புகிறாள், எடை பார்த்து, அவற்றுக்கு ஒப்பான மூன்று முத்துக்களைச் சேர்த்துத் திருப்புகிறான் அரசகுமாரன். ஆயுள் இரண்டே நாள் என்பது அவள் குறிப்பு. ஐந்து நாளாயினும் அதுவும் விரைந்து கழியும் என்பது அவன் மறுமொழி. நெஞ்சை அள்ளும் காட்சிதான்; எனினும் என் மனம் மெகர்பானுவிடமே செல்கிறது. முத்தை அனுப்பிவிட்டு அவள் திரைக்குப்பின் இருந்துவிடவில்லை. மார்க்க ஞானமும் விடுகதையும் கலந்த வினாக்களைத் தன் வாயாலேயே, கற்றறிந்த ஆசானைப் போல அடுக்குகிறாள்.

கப்பலுக்குப் போன மச்சானுக்காகக் காத்திருந்த ஒருத்தி இக்கதையைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பாள்? அவன் அங்கே யாருடன் இருக்கிறான், எப்போது வருவான் என்று அவளுக்கும் வினாக்கள் இருந்திருக்கும். அவற்றுக்கு விடை சொல்ல வேண்டியவன் இந்தத் தெருவில் இருந்தான்.