போதையிலா, போதையாலா? பயண இன்சூரன்ஸில் ஒரு பழைய நிபந்தனையின் கதை



கல்லூரிப் படிப்பை முடித்த பிள்ளைகள் நண்பர்களோடு தாய்லாந்து, பாலி என்று கிளம்புவது நம் வளாகத்திலும் இப்போது சகஜம். விமான டிக்கெட் போடும்போதே ஒரு சிறிய கட்டத்தில் டிக் அடித்தால் பயண இன்சூரன்ஸும் சேர்ந்து வந்துவிடுகிறது. பிரீமியம் எவ்வளவு என்று பார்க்கிறோம், பாலிசியைப் படிப்பதில்லை. வங்கி கவுன்டரில் உட்கார்ந்திருந்த காலம் முழுவதும் நான் கண்ட உண்மை இது: படிவத்தின் முன்பக்கத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவர் நூற்றில் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

அந்தப் பின்பக்கத்தில் அநேகமாக எல்லாப் பயண பாலிசியிலும் மதுவைப் பற்றி ஒரு நிபந்தனை இருக்கும். மது அருந்திய நிலையில் விபத்து நேர்ந்தால் பணம் கிடையாது என்பது அதன் சாரம். இது நேற்று முளைத்ததல்ல. இதன் கதை இங்கிலாந்தில் ரயில் ஓடத் தொடங்கிய காலத்துக்குப் போகிறது.

1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் என்பவர் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோ என்ற ஊருக்குத் தனி ரயில் அமர்த்தி, சுமார் 500 பேரை அழைத்துப் போனார். கட்டணம் தலைக்கு ஒரு ஷில்லிங். போனது எதற்கு? மதுவிலக்குக் கூட்டத்துக்கு! குக் மதுவிலக்குப் பிரசாரகர். உழைக்கும் மக்கள் சாராயக் கடைக்குப் போவதற்குப் பதிலாக நாலு இடம் பார்த்து வரட்டும் என்பது அவர் எண்ணம். உலகப் புகழ் பெற்ற தாமஸ் குக் சுற்றுலா நிறுவனத்தின் விதை அந்த ஒரு நாள் பயணம்தான்.

அடுத்த எட்டு ஆண்டுகளில் ரயில் பெருகியது, ரயில் விபத்தும் பெருகியது. 1849-ல் லண்டனில் ‘ரயில்வே பாசஞ்சர்ஸ் அஷ்யூரன்ஸ் கம்பெனி’ தொடங்கப்பட்டது. ரயில் டிக்கெட் வாங்கும் இடத்திலேயே இன்சூரன்ஸ் டிக்கெட்டும் கிடைத்தது. முதல் வகுப்புப் பயணி 3 பென்ஸ் கொடுத்தால், உயிரிழந்தால் குடும்பத்துக்கு 1,000 பவுண்டு. இரண்டாம் வகுப்புக்கு 2 பென்ஸ், 500 பவுண்டு. மூன்றாம் வகுப்புக்கு ஒரு பென்னி, 200 பவுண்டு. இன்று நாம் இணையத்தில் டிக் அடிக்கும் அந்தக் கட்டத்துக்கு இதுவே மூதாதை.

பிறகு இதே கம்பெனி ரயிலுக்கு வெளியே நடக்கும் விபத்துகளுக்கும் பாலிசி விற்றது. அங்கேதான் மது வந்தது. ரயில் தடம் புரண்டால் அதில் பயணியின் பங்கு ஒன்றுமில்லை. தெருவில் நடந்து போகிறவன் விழுந்தால் அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே ‘மதுவின் ஆதிக்கத்தில் இருக்கும்போது’ நேரும் காயத்துக்கோ மரணத்துக்கோ பொறுப்பில்லை என்று கம்பெனி எழுதி வைத்தது.

எவ்வளவு குடித்தால் ‘ஆதிக்கம்’? ஒரு கோப்பையா, ஒரு பாட்டிலா? 1877-ல் மெயர் என்பவரின் மரணம் தொடர்பாக இந்தக் கம்பெனிமீது நடந்த வழக்கில் இந்தக் கேள்வி இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு வந்தது. வாயில் மது பட்டாலே ஆதிக்கம் ஆகிவிடாது, மனிதன் நிதானமாக யோசித்து நடக்கும் திறன் குலையும் அளவுக்குப் போதை இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் விளக்கியது. 1961-ல் வந்த இன்னொரு வழக்கிலும் இதே விளக்கம் பின்பற்றப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நின்ற அளவுகோல்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். ‘போதையில் இருக்கும்போது’ என்பது ஒன்று, ‘போதையால்’ என்பது வேறொன்று. முதலாவது நேரத்தைச் சொல்கிறது, இரண்டாவது காரணத்தைச் சொல்கிறது. நன்றாகக் குடித்துவிட்டு நடைபாதையில் ஒழுங்காக நின்றுகொண்டிருப்பவர்மீது கட்டுப்பாடு இழந்த லாரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாலிசியில் ‘இருக்கும்போது’ என்று இருந்தால் குடும்பத்துக்குப் பணம் மறுக்கப்படலாம். ‘ஆல்’ என்று இருந்தால், விபத்துக்குக் காரணம் லாரிதானே, போதை இல்லையே என்று வாதாட இடமுண்டு. தமிழில் ஒரு வேற்றுமை உருபுதான் வித்தியாசம். பணத்தில் அது லட்சக்கணக்கு.

அமெரிக்கா இரண்டாவது வழியில் போனது. அங்குள்ள மாநில இன்சூரன்ஸ் ஆணையர்களின் சங்கம் 1947-ல் வகுத்த மாதிரிச் சட்டம், போதையின் விளைவாக ஏற்படும் இழப்புக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று எழுத அனுமதித்தது. பல மாநிலங்கள் அதை ஏற்றன. அதிலும் எதிர்பாராத சிக்கல் வந்தது. காயத்தோடு வருபவரின் ரத்தத்தில் மது இருக்கிறதா என்று பரிசோதித்தால் பில் பணம் வராமல் போகுமே என்று ஆஸ்பத்திரிகள் அந்தப் பரிசோதனையையே தவிர்த்தன. குடிநோயாளியைக் கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு அனுப்பும் வாய்ப்பு கைநழுவியது. கடைசியில் 2001-ல் அதே சங்கம் அந்த விதியை நீக்கும்படி மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது.

மீண்டும் இங்கிலாந்துக்கு வருவோம். 1950-ல் விளாடிமிர் ராய்ட்ஸ் என்பவர் கோர்சிகா தீவின் கால்வி என்ற கடற்கரைக்கு, விமானம், கூடாரத்தில் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 32 பவுண்டு 10 ஷில்லிங்குக்குச் சுற்றுலா நடத்தினார். சாதாரணச் சம்பளக்காரர்களும் வெயிலைத் தேடிப் பறக்கும் காலம் பிறந்தது. 1960களில் இளைஞர்களுக்கென்றே ‘கிளப் 18-30’ தொடங்கியது. கடற்கரை, கேளிக்கை, விடிய விடியக் குடி என்று பெயர் வாங்கிய நிறுவனம் அது. 1990களின் இறுதியில் அது யார் கைக்குப் போனது தெரியுமா? மதுவிலக்குக் கூட்டத்துக்கு ரயில் விட்ட அதே தாமஸ் குக் நிறுவனத்தின் கைக்கு! 2018-ல் கிளப் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று தாமஸ் குக் நிறுவனமே திவாலானது.

இந்த இளைஞர்கள் அதிகம் போன இடங்களில் ஒன்று ஸ்பெயினின் மயோர்க்கா தீவிலுள்ள மகலூஃப். போதையில் ஒரு பால்கனியிலிருந்து இன்னொரு பால்கனிக்குத் தாவுவதும், மாடியிலிருந்து நீச்சல் குளத்தில் குதிப்பதும் அங்கே ‘பால்கனிங்’ என்று தனிப் பெயர் பெறும் அளவுக்குப் பெருகின. பலர் இறந்தார்கள், பலர் முடமானார்கள். ஸ்பெயினின் அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற ஐரோப்பிய சுகாதார அட்டை உதவியது. ஆனால் முதுகெலும்பு முறிந்தவரை மருத்துவ விமானத்தில் ஊர் கொண்டுவரும் செலவை அந்த அட்டை ஏற்காது. அதற்குத்தான் இன்சூரன்ஸ். அதுவோ மது நிபந்தனையைக் காட்டிக் கைவிரிக்கலாம். மதுவை விற்றவர் லாபத்தைக் கணக்கில் எழுதிக்கொள்வார், மறுத்த கம்பெனி கோப்பை மூடிவிடும், நஷ்டம் முழுவதும் பெற்றோரின் கணக்கில் வந்து விழும்.

இப்படி மறுக்கப்பட்டவர்கள் முறையிட பிரிட்டனில் நிதித்துறைக் குறைதீர்ப்பு அமைப்பு இருக்கிறது. நிபந்தனை பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டியது கம்பெனிதான் என்பது அதன் பொதுவான அணுகுமுறை. ‘நோயாளியிடம் மது வாடை’ என்ற ஒரு குறிப்பு மட்டும் போதாது, மதுதான் விபத்துக்குக் காரணம் என்று காட்ட வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. 1877-ன் ‘இருக்கும்போது’ மெல்ல மெல்ல ‘ஆல்’ பக்கம் நகர்ந்திருக்கிறது.

சுற்றுலாவால் பிழைக்கும் தீவும் பொறுமை இழந்தது. 2020 ஜனவரியில் அந்தத் தீவுக்கூட்டத்தின் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மகலூஃப் போன்ற குறிப்பிட்ட பகுதிகளில், ‘எல்லாம் அடக்கம்’ பேக்கேஜில் மதியம் மூன்று, இரவு மூன்று என நாளுக்கு ஆறு கோப்பைக்கு மேல் மது கிடையாது. பால்கனியிலிருந்து குதிப்பவருக்கும் அதை அனுமதிக்கும் ஓட்டலுக்கும் 6,000 முதல் 60,000 யூரோ வரை அபராதம்.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி சட்டத்தில் உண்டு. ரயில்வே சட்டத்தின் 124-ஏ பிரிவு, ரயிலிலிருந்து விழுவது போன்ற அசம்பாவிதங்களுக்கு, ரயில்வேயின் தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இழப்பீடு தரச் சொல்கிறது. ஆனால் போதை நிலையில் பயணி தானே செய்த செயலால் நேர்ந்தால் கிடையாது. போதையில் இருந்தாரா என்பதோடு நில்லாமல், அவரே செய்த செயலா என்றும் சட்டம் கேட்பதைக் கவனியுங்கள்.

குடிப்பதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. குடிக்காமல் போய் வருவதே உத்தமம். ஆனால் 22 வயதுப் பிள்ளை நம் கண்ணுக்கு எட்டாத ஊரில் என்ன செய்வான் என்று எந்த அப்பா அம்மாவும் உறுதிப்பத்திரம் எழுதித் தர முடியாது. ஆகவே பாலிசி எடுக்குமுன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். மது பற்றிய வரி ‘போதையில்’ என்கிறதா, ‘போதையால்’ என்கிறதா? ரத்தத்தில் இவ்வளவு என்று அளவு சொல்கிறதா, அல்லது பொதுவாக விட்டுவிடுகிறதா? வாடகை ஸ்கூட்டருக்கு லைசென்ஸ், ஹெல்மெட் பற்றி என்ன சொல்கிறது? புரியவில்லை என்றால் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். போனில் சொல்வது பின்னால் சாட்சிக்கு வராது.

அசம்பாவிதம் நடந்துவிட்டால் கம்பெனியின் அவசர எண்ணுக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். மருத்துவக் குறிப்பு, போலீஸ் அறிக்கை, கூட இருந்தவர்களின் வாக்குமூலம் மூன்றையும் அந்த ஊரை விட்டுக் கிளம்புமுன் பிரதி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காரணம் எது என்பதை நாளை முடிவு செய்யப்போவது அந்தக் காகிதங்கள்தான்.

பிள்ளை பெட்டி கட்டும் அன்று பாலிசியின் அந்தப் பக்கத்தை அவனையோ அவளையோ சத்தமாக ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது.