எருவும் உரமும்: பேராக் மண்ணில் இரு சொற்களின் வரலாறு

திருக்குறளின் உழவு அதிகாரம் ஏர் உழுவதைவிட எருவிடுதலை உயர்த்திப் பேசுகிறது. அங்கே ஆளப்படும் சொல் ‘எரு’. ‘உரம்’ என்னும் சொல்லும் அந்நூலில் உண்டு. ஆனால் அது நிலத்தில் இடும் பொருளன்று, நெஞ்சின் திண்மை. வலிமையைக் குறித்த அச்சொல் பின்னாளில் மண்ணுக்கு வலிமை தருவதையும் குறிக்கலாயிற்று. இன்று எரு என்றால் மாட்டுக் கொட்டகையும் உரம் என்றால் கடைச் சாக்கும் நினைவுக்கு வருகின்றன. ‘குப்பை’யின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தமிழக உழவர் வயலுக்குக் ‘குப்பை அடிப்பது’ தொழுவுரம் கொண்டு கொட்டுவதைத்தான். நகரத்தாருக்கோ அது வீசியெறியத் தக்க பொருள்.

பள்ளித் தோட்டங்களில் வழங்கும் ‘இயற்கை உரம்’, ‘செயற்கை உரம்’ என்ற இணை நமக்கு நிறைவளிக்கவில்லை. மலாயாத் தோட்டங்களுக்கு வந்த பாறைப் பாசுவரத்தில் ஒரு பகுதி, 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் தோண்டப்பட்டுவந்த கிறிஸ்துமஸ் தீவின் கனிமம். அது இயற்கையா, செயற்கையா? ‘கரிம உரம்’ என்றாலும் இடர் தீராது. வேதியியல்படி யூரியா ஒரு கரிமச் சேர்மம். மாட்டுச் சிறுநீரிலும் உள்ளது. 1828இல் வோலர் அதனை ஆய்வகத்தில் ஆக்கிக் காட்டினார். உயிரிப்பொருள் உரம், கனிம உரம் என்ற பகுப்பு ஓரளவு தேறும். ஆயினும் ஆலை யூரியாவைக் கனிமத்தோடு சேர்ப்பது வழக்கம் பற்றியதேயன்றிப் பொருள் பற்றியதன்று.

1982 வரை தெலுக் ஆன்சன் எனப்பட்ட தெலுக் இந்தான், பேராக் ஆற்றின் துறைமுக நகரம். 1885இல் எழுந்த அதன் சாய்ந்த கோபுரத்தை அறியாதார் இலர். 1906இல் அருகே ஜென்டராட்டா ரப்பர் நிறுவனம் தோன்றியது; சுற்றிலும் தோட்டங்கள் பெருகின. அங்கு வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் ஆட்டுக்கிடை அமர்த்தியும் கொளுஞ்சித் தழை மிதித்தும் பழகிய உழவுக் குடியினர். ரப்பர் மரங்களிடையே நிர்வாகம் படரவிட்ட பயற்றினக் கொடிகளும் கொளுஞ்சியின் இனமே. இரண்டின் வேர்முடிச்சுகளிலும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேர்க்கின்றன. நிர்வாகத்தின் அம்மோனியம் சல்பேட்டும் பாறைப் பாசுவரமும் மரங்களுக்குப் போயின. லயத்துக் கொல்லையில் கத்திரியும் வெண்டையும் மிளகாயும் சாணத்தையும் அடுப்புச் சாம்பலையும் உண்டு வளர்ந்தன. உரம் நிர்வாகத்தின் சொல்லாகவும் எரு வீட்டின் சொல்லாகவும் பிரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எம் கருத்து.

அளவு ஒன்றை நோக்குக. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன். மட்கிய சாணத்தில் ஏறத்தாழ அரைப் பங்கு. 100 கிலோ யூரியாவின் நைட்ரஜனைச் சாணத்தால் ஈடுசெய்ய 9 டன்னுக்கு மேல் வேண்டும். அதிலும் முதற்பயிருக்குக் கிட்டுவது ஒரு பகுதியே. கீரைப் பாத்தியில் யூரியா சில நாளில் பச்சை காட்டும். அதையே பயற்றங்காய்க்கு மிகுதியாக இட்டால் கொடி தழைக்கும், காய் குறையும். கத்திரி, மிளகாய்க்குப் பொட்டாசியமும் வேண்டும். சாம்பல் அதனைத் தந்தது. சாம்பல் கனிமமே, ஆனால் சாக்கில் வந்ததன்று.

இவ்விரு வகையையும் எதிரெதிரே நிறுத்தி ஆராய்ந்தவர்களுள் முன்னோடிகள் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் நிலையத்தார். 1843இல் தொடங்கிய அவர்தம் கோதுமை வயலில், தொழுவுரம் பெற்ற நிலமும் சரியான கனிம உரக்கலவை பெற்ற நிலமும் நூறாண்டுக்கு மேலாக ஏறத்தாழ ஒத்த விளைவே தந்தன. மண்ணின் கரிமப் பொருளோ தொழுவுர நிலத்தில்தான் பன்மடங்கு ஏறியது. அம்முறையைத் தழுவி 1909இல் கோயம்புத்தூரிலும் நிலையான உரச் சோதனை தொடங்கப்பட்டது. இவை தானியப் பயிர்ச் சோதனைகள்; காய்கறிக்கு அப்படியே பொருந்தும் எனல் ஆகாது.

பேராக்கிலோ ஒரே மாநிலத்தின் இருவேறு மண் இருவேறு விடை சொல்லும். கின்டா, பீடோர்ப் பகுதிகளில் ஈயச் சுரங்கங்கள், மக்கள் வழக்கில் ஈயலம்பங்கள், விட்டுச்சென்றது வெறும் மணல். அங்கே இட்ட உப்பு உரம் ஒரு பெருமழையில் கரைந்து கீழிறங்கிவிடும். சீனக் காய்கறித் தோட்டக்காரர் கோழி எருவைக் கொட்டி அந்த மணலைப் பயிர் நிலமாக்கினர். எரு அங்கே உணவு மட்டுமன்று. நீரையும் உப்பையும் பிடித்துவைக்கும் பாத்திரமுமாகும். கீழ்ப் பேராக்கின் கரிச்சேற்று நிலமோ மட்கிய தாவரத்தால் ஆனதே. புளிப்பு மிகுந்த அம்மண்ணில் மேலும் மட்கு சேர்ப்பதால் பெரும்பயன் இல்லை. சுண்ணாம்பும் பொட்டாசியமும் சிறிது செம்பும் சேர்ந்தாலன்றிக் காய்கறி எழாது. எருவே உயர்ந்தது என்னும் கட்சியாரும் உப்பு உரமே போதும் என்னும் கட்சியாரும் இவ்விரு நிலங்களையும் ஒருமுறை நடந்து பார்ப்பது நலம்.

1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் கப்பல் வரத்து அற்றது. உர இறக்குமதியும் குன்றியது. மரவள்ளியே பலரின் உணவாயிற்று. அது மண்ணின் பொட்டாசியத்தைப் பெருமளவு உறிஞ்சும் பயிர். கிழங்கைத் தின்று தண்டையும் அகற்றினால் நிலம் மெலியும். அக்காலத்தில் கொல்லைக்கு மீண்டதெல்லாம் சாணமும் சாம்பலும் இலைக்குப்பையுமே.

பின்னர் ரப்பருக்கு மாற்றாகச் செம்பனை வந்தது. தோட்ட மக்கள் நகரப் புறங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அடுக்குவீட்டில் மாட்டுக் கொட்டகைக்கு இடம் ஏது? மாடு போனபின் எருவின் வகைகளைக் குறித்த சொற்களும் வாயிலிருந்து நழுவின. பள்ளித் தோட்டக் குறிப்பேட்டில் ‘இயற்கை உரம் இட்டோம்’ என்று எழுதும் மாணவர், கோழி எருவா, சாம்பலா, தழையா, எத்தனை கிலோ, எந்த மண்ணில் என்று எழுதட்டும். லயத்தில் வாழ்ந்த பாட்டி இருந்தால், கத்திரிக்கு எதை இட்டார், அதை என்ன பெயரிட்டு அழைத்தார் என்றும் கேட்டு அதன் அருகே குறித்துக்கொள்ளட்டும்.