ஏலமலைப் பெண்களும் கன்னியர் பள்ளிகளும்

வைகாசித் திங்கள் பாதி கடந்ததும் உடும்பஞ்சோலை மலைகளின்மேல் தென்மேற்குப் பருவமழை இறங்குகின்றது. மலையாள மக்கள் இதனை இடவப்பாதி என்பர். அம்மழையோடு மழையாகவே கேரளத்துப் பள்ளிகள் புதிய கல்வியாண்டிற்குக் கதவு திறக்கின்றன. அதே மழையில்தான் ஏலச்செடியும் தழைக்கின்றது. அடுத்த ஓரிரு திங்களில் காயெடுப்புத் தொடங்கிவிடுகின்றது. ஆகவே, இம்மலையில் பள்ளிக்கூடமும் ஏலத்தோட்டமும் ஒரே பருவத்தில் ஒரே வீட்டாரைக் கூவி அழைக்கின்றன. தாய் காயெடுக்கப் போனால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? மூத்த பெண்ணின் பக்கமே வீட்டார் கண் திரும்பும். தம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்படுவான். அக்காள் லயத்து வாயிலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

பள்ளி மணி எல்லோர்க்கும் பொதுவாகவே ஒலிக்கின்றது. ஆயினும், ஒரு பெண் அவ்வோசை கேட்டுப் புறப்பட வேண்டுமாயின் நான்கு பொருள்கள் முன்னரே அமைந்திருத்தல் வேண்டும். பெற்றோர் நம்பி ஒப்படைக்கத்தக்க ஆசிரியை, அச்சமற்ற உறைவிடம், பசி தீர்க்கும் உணவு, அவள் நெஞ்சிற்கு விளங்கும் மொழி என்பனவே அவை. இந்நான்கனுள் முதல் மூன்றையும் கத்தோலிக்கக் கன்னியர் பள்ளிகள் தென்னாட்டில் எவ்வாறு அமைத்தன என்பதையும், நான்காவது யார் பொறுப்பில் நிற்கின்றது என்பதையும் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்க வரலாறு

திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதிபாய், குடிகளின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 1817-இல் ஆணை பிறப்பித்தார். பெண்களுக்குக் கல்வி புகட்ட முதலில் முனைந்தோருள் சீர்திருத்தத் திருச்சபையாரும் உளர். இலண்டன் மிஷனைச் சார்ந்தோர் 1819-இல் நாகர்கோவிலில் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தோற்றுவித்தனர். கத்தோலிக்கருள், அயர்லாந்து நாட்டுப் பிரசன்டேஷன் சபைக் கன்னியர் 1842-இல் சென்னைக்கு வந்து பள்ளி நடத்தலாயினர்.

ஆயினும், கடல் கடந்து வந்த கன்னியர் ஒருசிலரால் தமிழ்ச் சிற்றூர்ப் பெண்கள் அனைவர்க்கும் கல்வி தருதல் இயலுமோ? இவ்வினாவிற்கு விடை புதுச்சேரியில் பிறந்தது. 1844-இல் மேற்றிராணியார் பொன்னான் தலைமையில் அங்குக் கூடிய குருக்கள் மாமன்றம் பெண்கல்வியின் இன்றியமையாமையை எடுத்துரைத்தது. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களிலேயே துப்புயி என்னும் பிரெஞ்சுத் தந்தையார், மரியன்னையின் மாசற்ற இருதயக் கன்னியர் சபையை நிறுவினார். தமிழ்ப் பெண்களே கன்னியராகித் தமிழ்ப் பெண்களுக்குக் கற்பிப்பது அச்சபையின் நோக்கம். இத்தந்தையாரே மூசே என்பாருடன் சேர்ந்து தமிழ்–பிரெஞ்சுப் பேரகராதியைத் தொகுத்தவர். அதன் முதற்பகுதி 1855-இல் அச்சேறிற்று. பெண்கல்விக்கு வழி திறந்த கையே தமிழ்ச் சொற்களையும் திரட்டிற்று என்பது நாம் மறத்தற்கரிய செய்தியாகும். பின்னர் 1862-இல் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் சேர்ந்து, அந்நகரத்திலும் பெண்கல்வியைப் பரப்பினர்.

மலையாள நாட்டில் இப்பணி கூனம்மாவு என்னும் ஊரில் தொடங்கிற்று. 1866-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள், சாவறை குரியாக்கோஸ் ஏலியாஸ் அடிகளும் இத்தாலியத் துறவி லெயோபோல்டு பெக்காரோவும் துணை நிற்க, ஏலீசுவா என்னும் கைம்பெண் தம் மகளுடனும் தங்கையுடனும் பனம்பால் வேய்ந்த ஒரு சிறு மனையில் துறவறம் புகுந்தார். கைம்பெண்கள் மூலையில் ஒதுங்கிக் கிடந்த அக்காலத்தில் இஃது எத்துணை அரிய துணிவு! இரண்டே ஆண்டுகளில், 1868-இல், பெண்களுக்குப் பள்ளியும் உறைவிடமும் அங்கு அமைந்தன. திருவனந்தபுரத்தில் ஹோலி ஏஞ்சல்ஸ் கன்னிமாடப் பள்ளி 1880-இல் தோன்றிற்று. அப்பள்ளியில் பயின்ற மேரி புன்னன் லூக்கோஸ் அம்மையார்க்குப் பெண் என்னும் காரணத்தால் கல்லூரியில் அறிவியல் பயில இடம் மறுக்கப்பட்டது. எனினும், அவர் மேல்நாடு சென்று மருத்துவம் கற்றுத் திரும்பி, 1938-இல் திருவிதாங்கூரின் தலைமை மருத்துவ அதிகாரியாக உயர்ந்தார்.

கன்னியர் செய்த மாற்றம்

அக்காலத்தில் பெண்கல்விக்கு ஒரு பெருந்தடை இருந்தது. ஆசிரியை இல்லாத பள்ளிக்குப் பெற்றோர் பெண்ணை அனுப்பார். கற்ற பெண் இல்லாத ஊரில் ஆசிரியை கிடையார். இச்சுழலை அறுத்தவர் கன்னியரே. இல்லறக் கடமை அவர்களைப் பள்ளியினின்றும் பிரிக்கவில்லை. அவர்களிடம் பயின்ற பெண்கள் தாமும் ஆசிரியைகளாகிச் சிற்றூர்ப் பள்ளிகளை நிறைத்தனர்.

தொலைவு என்னும் தடையை மாணவியர் விடுதி தீர்த்தது. பசி என்னும் தடைக்கும் மருந்து காணப்பட்டது. ஒவ்வொரு கோயிலையும் அடுத்து ஒரு பள்ளி வேண்டும் என்று 1864-இல் பணித்த சாவறை அடிகள், வீடுதோறும் ஒரு பிடி அரிசி ஒதுக்கும் ‘பிடியரி’ முறையால் ஏழைச் சிறார்க்கு நண்பகல் உணவளித்தார். காமராசர் 1956-இல் சென்னை மாநிலத்தில் மதிய உணவுத் திட்டத்தை விரித்தபோது, அதே அறம் அரசின் கடமையாக மலர்ந்தது.

நம் மலையில்

இனி நம் மலைக்கு வருவோம். திருவிதாங்கூரின் ஏலமலைக் கண்காணிப்பாளராயிருந்த ஜான் டேனியல் மன்றோ, 1877-இல் பூஞ்சாற்று அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகை கொண்டார். அதனைத் தொடர்ந்து அம்மலைகள் தேயிலைக் காடாயின. உடும்பஞ்சோலைப் பகுதி ஏலத்திற்கே உரியதாய் நின்றது. போடியினின்றும் கம்பத்தினின்றும் போடிமெட்டு, கம்பமெட்டு வழியாக நம் முன்னோர் மலையேறி வந்து உழைத்தனர். மேற்கேயிருந்து மலையாள உழவர் வந்தனர். பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சராயிருந்த 1954–55-ஆம் ஆண்டுகளின் குடியேற்றத் திட்டம் கல்லாற்றுப் பக்கத்தில் பட்டம் காலனியை உண்டாக்கிற்று. வந்தவருள் கத்தோலிக்க உழவர் பலர். அவர்கள் முதலில் கோயில் எடுத்தனர். அதன் அருகிலேயே பள்ளியும் எடுத்தனர். இன்று இடுக்கி மாவட்டத்தில் மூணாற்றின் லிட்டில் பிளவர் மகளிர் பள்ளியும், அடிமாலியை அடுத்த கூம்பன்பாறையின் பாத்திமா மாதா மகளிர் பள்ளியும் அவ்வழி வந்தவையே. மலையிறங்கி மதுரை சென்று உயர்கல்வி பெற விரும்பும் பெண்ணுக்கு, லியோன் நகரத்து சூசையப்பர் சபைக் கன்னியர் 1953-இல் நிறுவிய பாத்திமா கல்லூரியும் உண்டு.

மலையாளத்தில் ‘பள்ளி’ என்றால் கோயில். தமிழில் ‘பள்ளி’ என்றால் கல்விச்சாலை. பழந்தமிழில் அச்சொல் சமணத் துறவியர் உறைவிடத்தையும் குறித்தது. ஒரே சொல்லின் இவ்விரு பொருள்களுக்கும் இடையே நின்றுதான் நம் பெண் தன் முதற்பாடத்தைக் கேட்கின்றாள்.

நான்காவது பொருள்

1956-ஆம் ஆண்டு மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது நாம் கேரளத்தில் மொழிச் சிறுபான்மையினர் ஆனோம். அவ்வாண்டின் ஏழாம் திருத்தமே அரசமைப்பில் 350-ஏ என்னும் உறுப்பைச் சேர்த்து, சிறுபான்மைக் குழந்தைகட்குத் தொடக்கக்கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயலவேண்டும் என்றது. முப்பதாம் உறுப்போ, சமயச் சிறுபான்மையினர்க்கும் மொழிச் சிறுபான்மையினர்க்கும் பள்ளி நிறுவி நடத்தும் உரிமையை ஒருங்கே தருகின்றது. கேரளக் கல்வி மசோதாவைப் பற்றி 1958-இல் உச்சநீதிமன்றம் வழங்கிய கருத்துரை, அரசின் உதவிப்பணம் பெறுவதனாலேயே இவ்வுரிமை அழிந்துவிடாது என்று விளக்கிற்று. கன்னியர் பள்ளிக்கு அரணாக நிற்கும் அவ்வுறுப்பே தமிழ்ப் பள்ளிக்கும் அரணாகும். அவர்கள் அதனைப் பயன்கொண்டனர். நாம் எத்துணைப் பயன்கொண்டோம்?

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கேரளத்தில் அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும், கல்வியாண்டின் ஆறாம் பணிநாளில் உள்ள மாணவர் தொகையைக் கொண்டே வகுப்புப் பிரிவுகளும் ஆசிரியர் பணியிடங்களும் அறுதியிடப்படுகின்றன. காயெடுப்பு முடிந்து தைத்திங்களில் சேர்க்கலாம் என்று நிறுத்திவைக்கப்படும் ஒவ்வொரு பெண்ணும் அக்கணக்கில் இடம்பெறாள். அவளோடு அவள் தோழியர்க்கு வாய்க்கவேண்டிய தமிழாசிரியர் இடமும் போய்விடக்கூடும். ஒரு வீட்டின் தாமதம் ஓர் ஊரின் தமிழ் வகுப்பை அழித்துவிடலாம் அன்றோ?

மலையாளத்தையும் நம் பெண்கள் செம்மையாகக் கற்றல் வேண்டும். பத்தாம் வகுப்புவரை அதனைக் கட்டாய பாடமாக்கும் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டது. அண்டை வீட்டார் மொழியை அறிவது அழகும் பயனுமாம். தாய்மொழியில் எழுத்தறிந்தவளுக்கு அது எளிதில் கைவரும்.

ஆதலின், சங்கத்து அன்பர்களே! வைகாசி பிறந்தவுடன் லயந்தோறும் சென்று பள்ளி வயதுப் பெண்களின் பெயரை எழுதுவோம். பள்ளி திறக்கும் நாளன்றே அவர்களைச் சேர்ப்போம். ஒரு குடை, ஒரு பை, இரண்டு நோட்டுப் புத்தகம் ஆகியவற்றை இல்லாதார்க்கு வழங்குவோம். கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள முதிய தாய்மார் ஒருவரை ஒவ்வொரு லயத்திலும் அமர்த்த, அன்றைய பிடியரிபோல் இன்று நாமும் வீட்டிற்கொரு பிடி கொடுப்போம். பள்ளித் தலைமையாசிரியையைப் பணிவுடன் கண்டு தமிழ்ப் பாடத்திற்கு இடம் வேண்டுவோம். பனம்பு மனையில் மூன்று பெண்கள் தொடங்கிய பணி நாடெங்கும் வேரூன்றியிருக்க, ஒரு சங்கம் முழுவதும் சேர்ந்து முயன்றால் ஆகாததும் உண்டோ?

மலைவளம் பெருகுக! மகளிர் கல்வி ஓங்குக!